செபு வீட்டு ஹும்பா: உப்பு கரிக்கிறது, தோல் ரப்பர் மாதிரி இருக்கிறது, எங்கே தவறு?

கேள்வி: டவாவோ சமையல்கட்டு

வணக்கம். நான் இருப்பது பிலிப்பைன்ஸின் டவாவோவில். வீட்டுக்கார அம்மாவின் பூர்வீகம் செபு தீவு. அவர்கள் குடும்பத்தில் செய்கிற ஹும்பாவுக்கு (வினிகர், சோயா சாஸ், சர்க்கரை சேர்த்து வேகவைக்கிற பன்றிக்கறி) கைக்குறிப்பு கொடுத்திருக்கிறார். அதில் உள்ளது இவ்வளவுதான்:

லியெம்போ, அதாவது தோலோடு சேர்ந்த வயிற்றுக்கறி, 1 கிலோ. தென்னங்கள் சூக்கா 1 தாசா. தோயோ முக்கால் தாசா. முஸ்கோவாடோ சர்க்கரை அரை தாசா. தௌசி அரை டின். பூண்டு முழுசாக 1. லாரெல் இலை (பே லீஃப்) 4. அன்னாசிப்பூ 2. முழு மிளகு. காய்ந்த வாழைப்பூ ஒரு பிடி. உப்பு "தந்தியா". தண்ணீர் கறி மூழ்கும் அளவு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, கிளறாமல், மிருதுவாகும் வரை.

(சூக்கா என்றால் இங்கே வினிகர். நம் ஊர் சுக்கா வறுவலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோயோ சோயா சாஸ். தௌசி உப்பில் ஊறிப் புளித்த கறுப்பு சோயா. தந்தியா என்றால் உத்தேசமாக.)

தாசாவை 240 மில்லி கப் என்று எடுத்துக்கொண்டேன். உப்பு ஒரு தேக்கரண்டி. அலுமினியச் சட்டி, மூடி போட்டு, நல்ல தீயில் 45 நிமிடம். பிறகு குழம்பு தண்ணியாக இருந்ததால் மூடியைத் திறந்து 20 நிமிடம் சுண்டவிட்டேன்.

விளைவு: வாயில் வைக்க முடியாத உப்பு. தொண்டையில் பிடிக்கிற வினிகர் காரம். கறி நார் நாராக, தோல் ரப்பர் மாதிரி. அடியில் பிடித்து லேசான கசப்பு. மேலே அரை விரல் எண்ணெய். ஐந்தும் ஒரே சட்டியில். எதை எதற்காக மாற்றுவது?

---

பதில்: மண்சட்டி

குறிப்பில் பெரிய பிழை இல்லை. அளவைப் படித்த விதத்திலும் தீயிலும்தான் கோளாறு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உப்பு. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் (15 மில்லி) சுமார் 2 முதல் 2.5 கிராம் உப்பு இருக்கும். முக்கால் கப் என்றால் 180 மில்லி, 12 மேசைக்கரண்டி. அதிலேயே 24 முதல் 30 கிராம் வந்துவிட்டது. ஒரு தேக்கரண்டி உப்பு இன்னும் 5, 6 கிராம். கழுவாத தௌசி அதற்கு மேல். ஒரு கிலோ கறி வெந்து முக்கால் கிலோவுக்கும் கீழே சுருங்கும். தண்ணீர் சுண்டும், உப்பு சுண்டாது. கடைசி 20 நிமிடம் திறந்து கொதித்தபோது நடந்தது இதுதான். சுண்டிய பதத்தில் சாப்பிடுகிற எந்தக் கறிக்கும் கிலோவுக்கு மொத்தம் 12, 13 கிராம் உப்பு போதும். ஆகவே தோயோ 60 மில்லி, தௌசி கழுவி 2 மேசைக்கரண்டி, தனி உப்பு வேண்டாம்.

வீட்டுக்கார அம்மாவிடம் "எந்தத் தாசா?" என்று கேளுங்கள். தாசா என்பது கோப்பை. பழைய வீட்டுக் குறிப்புகளில் அது அளவுக் கப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. காப்பி குடிக்கிற சின்னக் கோப்பையாக இருந்தால் கணக்கே வேறு. அந்தக் கோப்பையை வாங்கி, தண்ணீர் ஊற்றி, மில்லியில் அளந்து குறிப்பின் ஓரத்தில் எழுதிவையுங்கள். "மூழ்கும் அளவு தண்ணீர்" என்பதும் அவர்கள் சட்டிக்குச் சொன்னது. அகலச் சட்டியில் மூழ்கடிக்க இரண்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும், அதைச் சுண்டவைக்கக் கூடுதல் நேரமும் ஆகும்.

அடுத்தது கறியும் தோலும் கடினமாக நின்றது. வயிற்றுக்கறியில் தசை, கொழுப்பு, தோல் மூன்றும் மூன்று வேகத்தில் வேகும். தசை அரை மணி நேரத்தில் வெந்து இறுகிவிடும். அந்த நிலையில் கடித்தால் நார்தான். தசையைப் பிணைத்திருக்கும் சவ்வும் தோலும் கொலாஜன். அது 70 டிகிரிக்கு மேல்தான் மெல்லக் கரைய ஆரம்பிக்கும். 90 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒன்றரை மணி நேரமாவது இருந்தால்தான் முழுக்க ஜெலட்டினாக மாறி, கறியும் தோலும் வழுவழுப்பாகும். நீங்கள் கொடுத்தது மொத்தமே 65 நிமிடம். தீயைக் கூட்டி நேரத்தைக் குறைக்க முடியாது. தளதளவென்று கொதித்தால் தசைதான் இன்னும் பிழியப்படும். சட்டியின் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் மட்டும் எழுந்து அடங்க வேண்டும். அடுப்பில் அவ்வளவு சின்னத் தீ வராவிட்டால் தோசைக்கல்லின் மேல் சட்டியை வையுங்கள்.

அடிப்பிடித்ததற்குக் காரணம் சர்க்கரை. தொடக்கத்திலேயே அரை கப் முஸ்கோவாடோ போட்டால் அது அடியில் தங்கும். அதன் மேல் தோல் படிந்தால் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை கறி பாதி வெந்த பிறகுதான்.

1 கிலோவுக்கு நான் சொல்லும் முறை:

தோலில் முடி இருந்தால் நேரடித் தீயில் காட்டிச் சுரண்டுங்கள். கறியை வெட்டாமல் ஒரே துண்டாகக் கொதிநீரில் 8 நிமிடம் போட்டு, நுரைத் தண்ணீரைக் கொட்டிக் கழுவுங்கள். ஆறியபின் 5 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் தோல், கொழுப்பு, சதை மூன்றும் இருக்க வேண்டும். 3 சென்டிமீட்டருக்கு வெட்டினால் முடிவில் சதை தனி, தோல் தனி.

அடிகனமான சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, துண்டுகளின் கொழுப்புப் பக்கத்தை மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் சிவக்கவிடுங்கள். உருகிய கொழுப்பில் 2 மேசைக்கரண்டி மட்டும் நிறுத்தி, மீதியைக் கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். நசுக்கிய பூண்டு 10 பல், ஒரு நிமிடம். பொன்னிறம் தாண்டக் கூடாது.

வினிகர் 120 மில்லி ஊற்றி, மூடாமல் 5 நிமிடம் கொதிக்கட்டும். பிறகு தோயோ 45 மில்லி, தண்ணீர் 500 மில்லி, முழு மிளகு ஒரு தேக்கரண்டி, லாரெல் 3, அன்னாசிப்பூ 1. இரண்டு போட்டால் முழுச் சட்டியும் அன்னாசிப்பூ வாசனைதான், பூண்டும் தௌசியும் தெரியாது. மூடியைச் சற்றே விலக்கி வைத்து, சின்னத் தீயில் 60 நிமிடம்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் துண்டுகளைத் தோல் மேலே வருமாறு திருப்பி, முஸ்கோவாடோ 80 கிராம், கழுவிய தௌசி 2 மேசைக்கரண்டி, ஊறவைத்த வாழைப்பூ சேருங்கள். இன்னும் 30 முதல் 40 நிமிடம். கடைசி 15 நிமிடம் மூடி வேண்டாம். குழம்பு கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு போட்டால் அந்தக் கோடு நிற்க வேண்டும். அப்போது ருசி பார்த்து, மீதி 15 மில்லி தோயோ தேவையானால் மட்டும். தோயோவின் கடைசிப் பங்கை இப்படி நிறுத்தி வைப்பதுதான் உப்புக்குக் காவல்.

முஸ்கோவாடோ கிடைக்காத ஊரில் இதைப் படிப்பவர்கள் நாட்டுச்சர்க்கரை போடலாம். இரண்டும் வெல்லப்பாகு நீக்காத கரும்புச் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையில் இனிப்பு வரும், அந்தக் கருத்த வாசனை வராது.

---

பதில்: மட்டக்களப்பு அடுப்பு

மேலே சொன்ன உப்புக் கணக்கு சரி. வினாகிரியை (வினிகரை)ப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும். உங்கடை சட்டியில் அரைவாசிப் பிழை அதிலைதான்.

பிசாயாப் பக்கமும் (செபு இருக்கிற தீவுக்கூட்டம்) மிந்தனாவோவிலும் (டவாவோ இருக்கிற தீவு) சந்தையில் பழைய போத்தலில் விற்கிற சூக்கா தென்னங்கள்ளிலிருந்து வாறது. அங்கே கள்ளுக்குத் தூபா எண்டு பேர். இலங்கையில் கள்ளைப் புளிக்க விட்டு எடுக்கிற தென்னை வினாகிரியும் இதே வழிதான். அதனால் கொழும்பிலோ மட்டக்களப்பிலோ ஹும்பா செய்கிறவைக்குக் கடையிலுள்ள தென்னை வினாகிரியே சரியான சாமான், வேறை தேடத் தேவையில்லை.

ஆனால் சந்தைப் போத்தலுக்கு ஒரே பலம் கிடையாது. கள்ளு முதலில் மதுவாகி, பிறகு பல கிழமை நிண்டுதான் வினாகிரியாகும். இளசாக எடுத்தால் மென்மை, பழசானால் கடும் புளிப்பு. தொழிற்சாலைப் போத்தலில் அமிலம் 4.5 அல்லது 5 வீதம் எண்டு ஒட்டியிருக்கும், சந்தைப் போத்தலில் ஒண்டும் இராது. சோதிக்க லேசான வழி உண்டு. லேபிள் உள்ள வினாகிரி ஒரு தேக்கரண்டியை மூண்டு தேக்கரண்டி தண்ணீரில் கலவுங்கோ. சந்தை வினாகிரியையும் அதே அளவில் கலவுங்கோ. இரண்டையும் மாறி மாறி நாக்கில் வைச்சுப் பாருங்கோ. சந்தையது கூடப் புளிச்சால் 120 மில்லியை 90 ஆக்குங்கோ, குறைவாயிருந்தால் 150 வரை போகலாம். அதுக்கு மேலை ஹும்பாவுக்குத் தேவையில்லை, அடோபோவுக்கு (வினாகிரி, உள்ளி, மிளகு போட்டு வேகவைக்கிற இன்னொரு பிலிப்பைன்ஸ் கறி) வேணுமெண்டால் போகலாம்.

அமிலத்தைத் தண்ணீரில் கரைச்சு விற்கிற செயற்கை வினாகிரி வேண்டாம். புளிப்பு மட்டும் இருக்கும், பின்னால் ஒரு சுவையும் இராது. அதை எவ்வளவு கொதிக்க விட்டாலும் தொண்டையைப் பிடிக்கும்.

அலுமினியச் சட்டியையும் மாத்துங்கோ. வினாகிரி அலுமினியத்தை அரிக்கும். குழம்பு சாம்பல் நிறமாகி உலோகச் சுவை வரும். நீங்கள் சொன்ன கசப்பில் ஒரு பங்கு இதாயிருக்கலாம். மண்சட்டி, எனாமல் சட்டி, எவர்சில்வர் மூண்டும் நல்லது. பிலிப்பைன்ஸில் மண்சட்டிக்குப் பலாயோக் எண்டு பேர், டவாவோ சந்தையில் வாங்கலாம். புதுசெண்டால் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசிக் கஞ்சி ஒருமுறை காய்ச்சி எடுத்துப்போட்டுப் பாவியுங்கோ. வெறுஞ்சட்டியைப் பெரிய நெருப்பில் வைச்சால் வெடிக்கும்.

லாரெல் இலை பற்றி ஒரு எச்சரிக்கை, இந்தியாவிலிருந்து மசாலாப் பொதி கொண்டு வந்தவைக்கு. பிரிஞ்சி இலை எண்டு வாறது பெரும்பாலும் கறுவா (பட்டை) இனத்து இலை. நீளவாக்கில் மூண்டு நரம்பு ஓடும், கறுவா வாசம் அடிக்கும். லாரெலில் நடு நரம்பு ஒண்டுதான், பக்கத்து நரம்புகள் அதிலிருந்து பிரியும். ஹும்பாவுக்கு வேண்டியது ஒற்றை நரம்பு இலை. அன்னாசிப்பூவோடை கறுவா இலையும் சேர்ந்தால் பிரியாணி வாசம் வந்திடும்.

---

பதில்: அரைப்படி

மண்சட்டி சொன்ன முறையில் எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடு இல்லை. கறியை முதலில் சிவக்க வறுப்பது. பிசாயா வீடுகள் பலவற்றில் ஹும்பாவை வறுப்பதே இல்லை. எல்லாவற்றையும் பச்சையாகச் சட்டியில் அடுக்கி, சின்னத் தீயில் விட்டுவிடுவார்கள். கைக்குறிப்பும் அதைத்தான் சொல்கிறது. வறுத்தால் நிறமும் மணமும் கூடும், உண்மை. ஆனால் தோலும் சேர்ந்து வறுபட்டால் அது காய்ந்து இறுகி, பிறகு இளக 20, 30 நிமிடம் கூடுதலாகக் கேட்கும். கேட்டவரின் குறையே ரப்பர் தோல்தான். முதல் முறை வறுக்காமல் செய்து பாருங்கள், அந்தக் குடும்பத்துச் சுவை எதுவென்று தெரியும். வறுத்தே ஆகவேண்டுமென்றால் தோல் பக்கம் சட்டியில் படக் கூடாது.

வறுக்காத முறையில் அடியில் என்ன போடுவது என்பது முக்கியம். தோல் நேரடியாகச் சட்டியின் அடியில் பட்டால் ஜெலட்டின் இளகும்போது பசைபோல் ஒட்டும். பூண்டையும் லாரெல் இலையையும் முதலில் பரப்பி, அதன் மேல் சதைப்பக்கம் கீழாக அடுக்குங்கள். வாழையிலைத் துண்டு ஒன்றை அடியில் விரிப்பது இன்னும் நல்லது.

இனி "கிளறாமல்". வினிகர் ஊற்றியபின் கொதிக்கும்வரை கிளறக் கூடாது, கிளறினால் பச்சை வினிகர் வாசம் தங்கிவிடும் என்பது அடோபோவுக்கும் ஹும்பாவுக்கும் பிலிப்பைன்ஸ் முழுக்கச் சொல்கிற விதி. வேதியியல்படி கரண்டிக்கு அப்படி ஒரு சக்தி கிடையாது. அசிட்டிக் அமிலத்தின் கொதிநிலை 118 டிகிரி, தண்ணீரைவிட அதிகம். வினிகர் கொதிக்கும்போது ஆவியில் அமிலத்தின் பங்கு சட்டியில் இருப்பதைவிடக் குறைவு. அதாவது அமிலம் கொஞ்சம் போகும், தண்ணீர் அதைவிட வேகமாகப் போகும். "கொதிக்கவிட்டால் புளிப்பு பறந்துவிடும்" என்று நம்பி வினிகரைக் கூட்டிப் போட்டால் புளிப்பு சட்டியிலேயே நிற்கும். 240 மில்லி ஊற்றிச் சுண்டவைத்ததில் நடந்தது அதுதான்.

பிறகு ஏன் அந்த விதி வேலை செய்கிறது? அதைப் பின்பற்றுகிறவர்கள் மூடியைத் திறந்து, பொறுமையாகக் கொதிக்கவிடுகிறார்கள். மூக்கில் ஏறுகிற மேலோட்டமான நெடி அந்த ஐந்து நிமிடத்தில் வெளியேறும். நாக்கில் தெரிகிற புளிப்பை அடக்குவது வேறு: உருகிய கொழுப்பு, சர்க்கரை, உப்பு, ஜெலட்டின். ஒன்றரை மணி நேரம் வெந்த குழம்பில் இவை நான்கும் சேர்ந்திருக்கும். 65 நிமிடக் குழம்பில் ஜெலட்டின் போதுமான அளவு சேர்ந்திருக்காது. ஆகையால் புளிப்பு தனித்து நின்றது. விதியைக் கடைப்பிடியுங்கள், நல்ல விதிதான். வினிகரின் புளிப்பைக் குறைக்க அதை நம்பாதீர்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன சட்டியைக் காப்பாற்ற: உருளைக்கிழங்கு போட்டு உப்பை எடுப்பது நடக்காது, கிழங்கு தன் பங்குக் குழம்பைக் குடிக்கும், அவ்வளவுதான். குழம்பில் பாதியை வெளியே எடுத்து, அதே அளவு வெந்நீரும் 20 கிராம் சர்க்கரையும் சேர்த்து, இன்னும் 45 நிமிடம் சின்னத் தீயில் வையுங்கள். தோலும் இளகும். எடுத்த குழம்பை வீணாக்க வேண்டாம். அவித்த முட்டை நாலைந்தை அதில் ஒரு இரவு குளிர்பெட்டியில் ஊறவிடலாம்.

---

கேட்டவர்: டவாவோ சமையல்கட்டு

மிக்க நன்றி. தாசா பற்றிக் கேட்டேன். சின்னக் கோப்பைதான், அளந்தால் 150 மில்லி. அதோடு மூன்று சந்தேகங்கள். ஒன்று, எவர்சில்வர் குக்கர் இருக்கிறது, அதில் செய்யலாமா, எத்தனை விசில்? இரண்டு, பாத்தா (கால்கறி) மலிவாகக் கிடைக்கிறது, அதே அளவு போதுமா? மூன்று, காய்ந்த வாழைப்பூவை என்ன செய்ய வேண்டும்? அப்படியே போட்டதில் மண் கடிபட்டது.

---

பதில்: மண்சட்டி

150 மில்லி என்றால் குறிப்பின்படி வினிகர் 150, தோயோ 112, சர்க்கரை 75 மில்லி. தோயோ இன்னும் அதிகம்தான். ஆனால் அவர்கள் குழம்பைச் சுண்டவைக்காமல் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் அது பொருந்தும். அதையும் கேட்டுவிடுங்கள். தண்ணியான ஹும்பாவும் உண்டு, பாகுபோல் சுண்டியதும் உண்டு. எண்ணெய் மட்டும் மிதக்க வறட்டிய ஹும்பாவும் உண்டு. தோயோவின் அளவை முடிவுசெய்வது அந்தப் பதம்தான். அரைப்படி சொன்ன வறுக்காத முறைக்கு நான் எதிரி இல்லை, தோல் விஷயத்தில் அவர் சொல்வது சரி.

குக்கரில் செய்யலாம். விசில் கணக்கு வேண்டாம், ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு வேகத்தில் விசில் அடிக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து கடிகாரத்தில் நிமிடம் எண்ணுங்கள். 5 சென்டிமீட்டர் லியெம்போவுக்கு 25 நிமிடம். அழுத்தம் தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே திடீரென்று கொதித்துத் தோல் பிய்ந்து வரும்.

குக்கரில் மூன்று மாற்றம். வினிகரை மூடிபோடுவதற்கு முன் திறந்தே 8 முதல் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள், உள்ளே அடைத்தபின் நெடி வெளியேற வழியில்லை. தண்ணீர் 500 வேண்டாம், 250 மில்லி போதும், குக்கரில் ஆவி அதிகம் போகாது. சர்க்கரையும் தௌசியும் மூடி திறந்த பிறகுதான். சர்க்கரைப் பாகு குக்கர் அடியில் 120 டிகிரியில் கருகும். தௌசி கூழாகிக் குழம்பைச் சேறாக்கும். திறந்தபின் இரண்டையும் போட்டு, 20 முதல் 25 நிமிடம் சுண்டவிடுங்கள். இந்த இருபது நிமிடத்தை மிச்சப்படுத்தினால் வெந்த கறியும் தனிக் குழம்பும்தான் கிடைக்கும். குழம்பு கறியில் ஏறியிருக்காது.

பாத்தாவில் எலும்பு நிறைய இருக்கும். 1.5 கிலோ பாத்தாவுக்கு மேலே சொன்ன மசாலா அளவு சரி, தண்ணீர் மட்டும் 800 மில்லி. சட்டியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம், குக்கரில் 45 நிமிடம். இறைச்சிக்கடையில் 4 சென்டிமீட்டர் தடிமனில் குறுக்காக அறுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்களே கத்தியால் வெட்டினால் எலும்புச் சில் குழம்பில் சேரும். பாத்தாவில் ஜெலட்டின் மிக அதிகம். சூட்டில் தண்ணியாகத் தெரியும், ஆறினால் கெட்டியாகும். ஆகையால் கரண்டிச் சோதனையை நம்பிச் சுண்டவிடாதீர்கள், சற்றுத் தளரும்போதே இறக்குங்கள்.

வெந்ததா என்று பார்க்கச் சதையைக் குத்த வேண்டாம். சாப்பிடும் குச்சியின் மழுங்கிய முனையைத் தோலில் வைத்து அழுத்துங்கள். தடையில்லாமல் இறங்கினால் வெந்தது. குச்சி தோலோடு சேர்ந்து சறுக்கினால் இன்னும் 15 நிமிடம்.

---

பதில்: கறிவேப்பிலைக் காடு

வாழைப்பூவுக்கு: பாக்கெட்டிலிருந்து 30 கிராம் எடுத்து, வெந்நீரில் 30 நிமிடம் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை கழுவிப் பிழியுங்கள். மண் போய்விடும். காம்பு முனை கட்டையாக இருந்தால் கிள்ளிவிடுங்கள். இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டால் வேகும்போது பிரிந்து குழம்பில் கரையாது. கடைசி 30 நிமிடத்தில் சேர்க்க வேண்டும். இதற்கென்று பெரிய சுவை இல்லை. குழம்பைக் குடித்து வைத்துக்கொள்வதுதான் வேலை. அது கிடைக்காதபோது சீனக் கடையில் விற்கிற காய்ந்த லில்லி மொட்டைப் (டே லில்லி, நம் குளத்து அல்லி அல்ல) போடுவார்கள், பக்குவம் ஒன்றேதான்.

நம் ஊர்போல் பச்சை வாழைப்பூவை ஆய்ந்து போடலாமா என்று யாராவது கேட்பார்கள். போடலாம், ஆனால் கள்ளன் எடுத்து, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, பிழிந்து. துவர்ப்போடு போட்டால் சர்க்கரைக் குழம்பு முழுக்கத் துவர்க்கும்.

மேலே சிலர் அடோபோவையும் ஹும்பாவையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். வினிகர், பூண்டு, மிளகு, லாரெல் இரண்டுக்கும் பொது. அடோபோவில் தௌசியும் வாழைப்பூவும் அன்னாசிப்பூவும் கிடையாது, இனிப்பு பின்னணியில் நிற்கும் அல்லது இருக்கவே இருக்காது. தோயோ இல்லாத வெள்ளை அடோபோவும், மஞ்சள் போட்ட அடோபோவும், பிக்கோல் பகுதியில் தேங்காய்ப்பால் சேர்த்ததும் உண்டு. அடோபோ என்ற பெயர் ஸ்பானியச் சொல். வினிகரில் சமைக்கும் வழக்கம் ஸ்பானியர் வருமுன்பே அங்கே இருந்தது. ஹும்பா சீனப் பக்கத்திலிருந்து வந்தது. தென்சீனத்து ஹொக்கியென் மொழியில் சோயாவில் வேகவைத்த பன்றிக்கறிக்குச் சொல்கிற பெயரிலிருந்து வந்ததுதான் இந்தப் பெயர். தௌசியும் தோயோவும்கூட ஹொக்கியென் சொற்களே. சீனச் சமையலுக்குள் பிசாயா வினிகர் புகுந்ததுதான் ஹும்பா என்று எடுத்துக்கொண்டால் அளவு புரியும்: புளிப்பு முன்னால் வரக் கூடாது. முதலில் இனிப்பு, அடுத்து உப்பு, விழுங்கியபின் புளிப்பு.

"சரியான" அளவு எது என்று தேடிக் களைத்துப்போக வேண்டாம். 2021ல் பிலிப்பைன்ஸ் வர்த்தகத் தொழில் துறை அடோபோ உட்பட உள்ளூர் உணவுகளுக்குத் தரநிலை எழுதப் போவதாக அறிவித்தபோது மக்கள் கொதித்துப்போனார்கள். வீட்டுச் சமையலுக்கு அது கட்டாயம் அல்ல என்று துறை விளக்கம் தர வேண்டிவந்தது. உங்கள் கையில் ஒரு செபு வீட்டின் குறிப்பு இருக்கிறது. அந்த வீட்டார் சாப்பிட்டுவிட்டு "இதுதான்" என்று சொல்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

---

கேட்டவர்: டவாவோ சமையல்கட்டு

மேலே நிற்கும் எண்ணெயை எவ்வளவு எடுப்பது? வினிகர் இருப்பதால் வெளியே வைத்தாலும் இரண்டு மூன்று நாள் கெடாது என்கிறார்கள், உண்மையா?

---

பதில்: மட்டக்களப்பு அடுப்பு

வெளியில் வைக்காதேங்கோ. அந்தப் பேச்சு வினாகிரியும் உப்பும் கூடப் போட்டு, தண்ணீர் வத்திக் கொழுப்பில் மூழ்கிக் கிடக்கிற அடோபோவுக்குச் சொன்னது. ஹும்பாவில் வினாகிரி குறைவு, சீனி கூட, வாழைப்பூவும் கிடக்கு. டவாவோ வெக்கையில் சமைச்சு இரண்டு மணித்தியாலத்துக்குள்ளை குளிர்பெட்டிக்குப் போக வேணும். பெரிய சட்டியோடை வைச்சால் நடுப்பகுதி ஆற நேரமெடுக்கும், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரிச்சு வையுங்கோ. மூண்டு நாலு நாளுக்குள்ளை முடியுங்கோ. சூடாக்கேக்கை ஒருமுறை நல்லாய்க் கொதிக்க வேணும். சாப்பிடுற அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கோ, முழுச்சட்டியையும் தினமும் சூடாக்கினால் சதை உதிர்ந்துபோகும்.

எண்ணெய்க்கு அவசரப்பட்டுக் கரண்டியால் அள்ளாதேங்கோ, குழம்பும் சேர்ந்து வரும். ஒரு இரவு குளிர்பெட்டியில் இருந்தால் மேலே வெள்ளையாய் உறையும், கத்தியால் ஓரம் கீறித் தகடாய்த் தூக்கலாம். மூண்டில் ஒரு பங்கை விட்டுவிடுங்கோ. முழுக்க எடுத்தால் குழம்பு பசைப்பிடிப்பாய், புளிப்புத் தூக்கலாய் இருக்கும். ருசியும் அடுத்த நாள்தான் சேரும். விருந்துக்கெண்டால் முதல்நாளே சமையுங்கோ.

எடுத்த கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டியைத் தாச்சியில் உருக்கி, நசுக்கின உள்ளி ஆறு பல் பொரிய விட்டு, பழஞ்சோறு இரண்டு கோப்பையை உதிர்த்துப் போட்டுப் பிரட்டுங்கோ. அங்கே சினாங்காக் எண்டு காலையில் சாப்பிடுறது இதுதான். கொழுப்பில் ஏற்கெனவே தோயோ உப்பு ஒட்டியிருக்கும், சோத்துக்கு உப்புப் போட முதல் ஒரு வாய் தின்று பாருங்கோ.